கிட்டாரிலிருந்து ஆம்ப் வரை: இரைச்சல் இல்லாமல் இணைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

புது எலெக்ட்ரிக் கிட்டாரை ஆம்பில் செருகி வால்யூமைத் திருப்பியதும், தந்தியைத் தொடுவதற்கு முன்பே 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் ('ஹம்') கிளம்பும். கடைக்காரர் பழுதான சரக்கைத் தலையில் கட்டிவிட்டாரோ என்று தோன்றும். பெரும்பாலும் அப்படி இருக்காது.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய சுருள். தந்தி அதிரும்போது அதில் பிறக்கும் மின்னழுத்தம் பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் கீழேதான். ஆம்ப் அதைப் பெருக்கும்போது வழியில் ஒட்டிக்கொண்ட அழுக்கையும் சேர்த்தே பெருக்குகிறது. பெருக்கிய பிறகு அழுக்கை எடுப்பது கடினம். நுழையும் இடத்திலேயே அடைப்பது எளிது. நாய்ஸ் கேட் பெடல் வாங்கக் கிளம்புவதற்கு முன் கீழே உள்ளவற்றைச் செய்து பாருங்கள்.

முதல் படி: கேபிள்

கிட்டாருக்கு வேண்டியது 'இன்ஸ்ட்ருமென்ட் கேபிள்'. நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி வலைபோல ஷீல்டு. இரு முனையிலும் 6.35 மி.மீ. ஜாக், 19-ஆம் நூற்றாண்டுத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளில் பிறந்த அதே ஜாக்தான். ஸ்பீக்கர் கேபிளுக்கும் இதே பிளக் இருப்பதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். அதில் ஷீல்டு கிடையாது, கிட்டாரில் மாட்டினால் ஆன்டெனாவாகி ஊரிலுள்ள இரைச்சலை எல்லாம் இழுத்து வரும். தலைகீழாக, கிட்டார் கேபிளை ஆம்புக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் நடுவே போடுவதும் ஆபத்து. அதன் மெல்லிய கம்பி அந்த மின்னோட்டத்தைத் தாங்காது.

நீளமும் முக்கியம். கேபிள் நீள நீள அதன் கெப்பாசிட்டன்ஸ் கூடும், கீச்சு ஒலிகள் மங்கும். வீட்டுக்கு 3 மீட்டர் போதும்; மேடைக்கு 6 மீட்டர். பக்கவாட்டில் ஜாக் உள்ள கிட்டாருக்கு வளைந்த பிளக் வசதி. ஸ்ட்ராட்டோகாஸ்டர் போல முகப்பில் குழிந்த ஜாக் இருந்தால் நேர் பிளக்தான் சரியாக உட்காரும். கேபிளைத் தோள்பட்டியின் உள்ளே ஒரு சுற்று விட்டுச் செருகுங்கள். யாராவது மிதித்தாலும் ஜாக் பிடுங்கிக்கொண்டு வராது.

இரண்டாம் படி: செருகும் வரிசை

ஆம்ப் வால்யூம் பூஜ்யம். கேபிளை முதலில் கிட்டாரில், பிறகு ஆம்பின் 'இன்புட்' துளையில். அதன்பின் சுவிட்ச். கடைசியில் வால்யூமை மெல்ல ஏற்றுங்கள். முடிக்கும்போது இதையே தலைகீழ் வரிசையில் செய்யுங்கள். இல்லாவிட்டால் 'டப்' என்று ஸ்பீக்கர் அதிரும்.

ட்யூப் ஆம்ப் என்றால் ஒரு கண்டிப்பான விதி: ஸ்பீக்கர் இணைக்காமல் ஓட்டவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகலாம். ஸ்பீக்கரின் ஓம் அளவும் ஆம்பில் குறித்த அளவும் ஒத்துப்போக வேண்டும். ஸ்டாண்ட்பை சுவிட்ச் இருந்தால் ட்யூப்கள் சூடேற ஒரு நிமிடம் கொடுங்கள்.

ஆம்ப் இல்லாமல் கணினியில் பதிவு செய்பவர்கள் ஆடியோ இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்' பொத்தானை அழுத்த மறக்காதீர்கள். கிட்டாருக்குச் சுமார் 10 லட்சம் ஓம் உள்ளீடு வேண்டும். மைக் அல்லது லைன் துளையில் செருகினால் போர்வைக்குள்ளிருந்து வாசித்ததுபோல் ஒலிக்கும்.

மூன்றாம் படி: எர்த்

இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள். ஆம்பின் மூன்று பின் பிளக்கில் பெரிய பின்தான் எர்த். 'ஹம் குறையும்' என்று யாராவது சொன்னால் நம்பி அதை வெட்டாதீர்கள். ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி, 1972-இல் வேல்ஸின் ஸ்வான்சீ நகர மேடையில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். கிட்டார் தந்திகள் ஆம்பின் எர்த்தோடு இணைந்தவை. மைக்கில் கசிவு இருந்தால் நடுவில் நிற்கும் உங்கள் உடம்பே பாதை. வீட்டில் எர்த் இருக்கிறதா என்று ஒருமுறை எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துவிடுங்கள்.

ஆம்ப், பெடல், கணினி எல்லாவற்றுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து மின்சாரம் எடுங்கள். வெவ்வேறு பிளக் பாயின்டுகளில் மாட்டினால் எர்த் இரண்டு வழியாகச் சுற்றி 'கிரவுண்ட் லூப்' உருவாகலாம்; ஹம்முக்கு அது பெரிய காரணம்.

நான்காம் படி: இரைச்சல் வேட்டை

கேபிளை ஆம்பிலிருந்து உருவுங்கள். சத்தம் தொடர்ந்தால் ஆம்ப் அல்லது மின்சாரம். நின்றால், மறுபடி செருகி கிட்டார் வால்யூமைப் பூஜ்யமாக்குங்கள். அப்போதும் சத்தம் இருந்தால் கேபிள் அல்லது ஜாக். வேறொரு கேபிள் போட்டால் தெரிந்துவிடும். வால்யூமை ஏற்றினால் மட்டும் வந்தால் பிக்கப் அறையிலிருந்து பிடிக்கிறது.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சிங்கிள் காயில் பிக்கப் அதை அப்படியே பிடிக்கும். அது குறையல்ல, பிறவிக் குணம். இதற்குத்தான் கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் ஹம்பக்கரை வடிவமைத்து 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்களில் ஹம் ஒன்றையொன்று அழிக்க, தந்தியின் ஒலி மட்டும் கூடும். இன்றைய பல ஸ்ட்ராட் வகைக் கிட்டார்களிலும் பிக்கப் சுவிட்சை 2 அல்லது 4-ஆம் நிலையில் வைத்தால் இதே வித்தை நடக்கும்.

என் அறையில் மாதக்கணக்கில் ஒரு 'கொர்ர்' சத்தம். கிட்டாரைக் கழற்றிப் பார்த்தேன், கேபிள் மாற்றினேன். கடைசியில் குற்றவாளி ஃபேன் ரெகுலேட்டர்! படியில்லாமல் வழுக்கிச் சுழலும் எலெக்ட்ரானிக் ரகம் அது. ஒவ்வொரு அலையையும் நறுக்கி இரைச்சலைக் கக்குகிறது. 'டக் டக்' என்று படிப்படியாக மாறும் ரகம் மாட்டியதும் அமைதி. மின்வெட்டில் சதுர அலை இன்வெர்ட்டரில் வாசித்தாலும் இதே தொல்லை. லேப்டாப் சார்ஜர், டியூப்லைட், செல்போன் இவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். நின்ற இடத்திலேயே கிட்டாரோடு மெல்லத் திரும்புங்கள். ஏதோ ஒரு கோணத்தில் ஹம் சட்டென்று குறையும்.

தந்தியைத் தொட்டதும் ஹம் குறைந்தால் பயம் வேண்டாம், அது இயல்பு. தொட்டதும் கூடினால் ஜாக்கில் கம்பிகள் மாறிப்போயிருக்கலாம். குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் உள்ளே தூசி. கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்துச் சில தடவை திருப்பினால் போகும்.

ஐந்தாம் படி: டோன்

எல்லாக் குமிழ்களையும் நடுவில் வையுங்கள், கெயினை மட்டும் கீழே. கிட்டாரின் வால்யூமும் டோனும் முழுதாகத் திறந்திருக்கட்டும். புதியவர்கள் கெயினை அளவுக்கு மீறி ஏற்றுகிறார்கள். இரைச்சலும் அதோடு ஏறுகிறது. தரையில் மூலையில் வைத்த ஆம்ப் பாஸை ஊதிக் காட்டும். ஒரு ஸ்டூலில் ஏற்றிக் காதை நோக்கிச் சாய்த்தாலே பாதி வேலை முடிந்தது.

ஆறாம் படி: பெடல்கள்

ட்யூனர், வா, ஓவர்டிரைவ், கோரஸ், டிலே, ரிவெர்ப் என்பது பழகிய வரிசை. ஆம்பிலேயே டிஸ்டார்ஷன் எடுத்தால் டிலேவும் ரிவெர்பும் அதன் எஃபெக்ட்ஸ் லூப்புக்குப் போகட்டும். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடுப்பின் நெகட்டிவ்; மாட்டுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே அடாப்டரிலிருந்து எல்லாவற்றுக்கும் கிளை பிரித்தால் டிஜிட்டல் பெடல்கள் சிணுங்கும். தனித்தனி வழி தரும் ஐசொலேட்டட் சப்ளை விலை கூடுதல்தான், ஆனால் மூன்று நான்கு பெடல் சேர்ந்த பிறகு அதைத்தான் வாங்குவேன்.

வாசித்து முடித்ததும் கேபிளைக் கிட்டாரிலிருந்தும் உருவிவிடுங்கள். ஆக்டிவ் பிக்கப் உள்ள கிட்டாரில், ஜாக்கில் பிளக் இருக்கும்வரை உள்ளே உள்ள பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.