மொட்டை மாடியிலிருந்து விண்வெளி நிலையம் பார்க்க

செயற்கைக்கோள் பார்ப்பதற்குத் தொலைநோக்கி வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய. உண்மையில் இந்த வேலைக்குத் தொலைநோக்கி இடைஞ்சல். மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற ஒன்றைத் தொலைநோக்கியின் குறுகிய வட்டத்துக்குள் பிடித்து வைப்பது பெரும்பாடு. வெறுங்கண் போதும். எந்த நிமிடத்தில், எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் பார்ப்பது என்ற கணக்குதான் முக்கியம்.

முதலில் நேரம். செயற்கைக்கோளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. நம் மாடியில் இருட்டியிருக்க வேண்டும். அதே சமயம் 400 கிலோமீட்டருக்கு மேலே அதன்மீது வெயில் பட வேண்டும். நம் ஊர்ப் பக்கம் சூரியன் சரேலென்று இறங்கிவிடுவதால் இந்த வாய்ப்பு சீக்கிரம் முடிந்துபோகும். அஸ்தமித்து அரை மணி கழித்துத் தொடங்கி, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆவதற்குள் பார்த்துவிட வேண்டும். விடியலுக்கு முன்னும் அதே அளவுதான். நடுராத்திரியில் போய் நின்றால் தாழ்வாகச் சுற்றுபவை எல்லாம் பூமியின் நிழலுக்குள் இருக்கும். ஜூன் மாதத்தில் லண்டன்காரர்கள் ராத்திரி முழுக்கப் பார்ப்பார்கள். நமக்கு அந்தச் சலுகை இல்லை.

அடுத்தது அட்டவணை. ஹெவன்ஸ்-அபவ் என்ற இணையதளத்தில் உங்கள் ஊரைக் குறித்துக்கொடுங்கள். ஊரைக் குறிக்காமல் விட்டால் வருகிற நேரமெல்லாம் வேறு எங்கோ இருப்பவருக்கானது. சர்வதேச விண்வெளி நிலையத்தைத் தேர்ந்தெடுத்தால் வரிசையாகத் தேதிகள் வரும். ஒவ்வொரு வரியிலும் தொடக்கம், உச்சம், முடிவு என்று மூன்று பகுதி. ஒவ்வொன்றுக்கும் நேரம், உயரம், திசை. ஒரு வரி இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 19:02, 10 டிகிரி, வடமேற்கு, 19:05, 65 டிகிரி, வடகிழக்கு, 19:07, 22 டிகிரி, தென்கிழக்கு. தொடக்கம் 10 டிகிரி என்றால் அடிவானத்துக்குச் சற்று மேலே எழும்பும்போது என்று பொருள். முடிவு 10க்கு இறங்காமல் 22லேயே நிற்கிறதே, ஏன்? அங்கேதான் அது நிழலுக்குள் நுழைகிறது. வானத்தின் நடுவழியில் செம்மை பூசி, சில நொடிகளில் அணைந்துவிடும். விடியற்காலையில் கதை தலைகீழ்: எதுவுமில்லாத இடத்தில் திடீரென்று முளைக்கும்.

உச்சம் 40 டிகிரிக்குக் கீழே உள்ள வரிகளை முதல்முறை பார்க்கிறவர்கள் விட்டுவிடலாம். வீடுகளும் தென்னைகளும் மறைத்துவிடும். பிரகாசத்துக்கும் ஓர் எண் இருக்கும். எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம். சிரியஸ் என்ற மிகப் பிரகாசமான விண்மீன் மைனஸ் 1.5. நல்ல நாளில் விண்வெளி நிலையம் மைனஸ் 3ஐத் தாண்டும். அப்போது நகர வெளிச்சமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. நிலையத்தின் உயரத்தை அவ்வப்போது என்ஜின் இயக்கி ஏற்றுவார்கள். அதனால் பத்து நாள் முன்பு எழுதிவைத்த நேரத்தை நம்பாமல் அன்றைக்கே ஒருமுறை சரிபாருங்கள்.

டிகிரியை எப்படி அளப்பது? கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. சாண் விரித்தால் 20. திசைக்குக் கைபேசித் திசைகாட்டியை நம்பினால், மாடியில் இருக்கிற இரும்புக் கம்பிகள் அதைக் குழப்பிவிடும். சூரியன் மறைந்த இடத்தையும் அப்படியே மேற்கு என்று கொள்ள முடியாது. டிசம்பரில் அது தெற்கே 20 டிகிரிக்கு மேல் தள்ளியிருக்கும். துருவ நட்சத்திரம் தெரிந்தால் கவலையில்லை. சென்னையில் அது வடக்கே சுமார் 13 டிகிரி உயரத்தில், முஷ்டிக்குச் சற்று மேலே நிற்கும்.

பத்து நிமிடம் முன்னதாக மாடி ஏறி, விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் உட்கார்ந்தே பாருங்கள். அண்ணாந்தபடி பின்னால் நடப்பது இந்தப் பொழுதுபோக்கின் ஒரே நிஜமான ஆபத்து. சிவப்பு, பச்சை விளக்குகள் மினுக்கினால் அது விமானம். நிலையமோ மினுக்காமல், சத்தமில்லாமல், சீராக ஊர்ந்து வரும்.

அது பழகியதும் மற்றவை. நமக்கென்றே ஒரு கொடுப்பினை ஹப்பிள் தொலைநோக்கி. அதன் பாதை நிலநடுக்கோட்டுக்கு 28.5 டிகிரி மட்டுமே சாய்ந்திருப்பதால் வட ஐரோப்பியர்களுக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. தமிழ்நாட்டில் தலைக்கு மேலேயே போகும். சீனாவின் தியாங்காங் நிலையமும் எளிதாகத் தெரியும். ஸ்டார்லிங்க் கோள்களை ஏவிய முதல் சில நாட்களுக்குள் பார்த்தால் மணி கோத்தது போல ஒரே வரிசையில் போகும். பிறகு பிரிந்து மங்கிவிடும். வடக்கு தெற்காகப் போகிறவை பெரும்பாலும் பூமியைப் படமெடுக்கும் கோள்கள். தொலைக்காட்சிக் கோள்களைத் தேட வேண்டாம், அவை 36,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன.

எனக்குப் பிடித்தவை என்னவோ செத்துப்போன ராக்கெட்டுகள்தான். 1957இல் ஸ்புட்னிக் பார்த்தோம் என்று சொன்னவர்களில் பெரும்பாலோர் பார்த்தது 58 சென்டிமீட்டர் கோளத்தை அல்ல, கூடவே சுற்றிய ராக்கெட்டின் உடலைத்தான். இன்றும் கைவிடப்பட்ட பல ராக்கெட் பாகங்கள் கரணமடித்தபடி சுற்றுகின்றன. அதனால் பளிச்சிட்டு மங்கி, மீண்டும் பளிச்சிடும். இங்கே 7x50 இருகண்ணோக்கி கைகொடுக்கும். கைபேசியின் நிறுத்துக்கடிகாரத்தை ஓடவிட்டு, பத்து பளிச்சிடல்களுக்கு எத்தனை நொடி ஆகிறது என்று அளந்து பத்தால் வகுத்து, தேதியோடு நோட்டில் எழுதிவையுங்கள். சில மாதம் கழித்து அதே பெயர் அட்டவணையில் வரும்போது மறுபடி அளந்தால், அது கரணமடிக்கும் வேகம் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.