லேண்ட்மாஸ்டரைப் பேணுவோம், நம்மையும் காப்போம்



பாசிக்குடா, கல்குடா, வாழைச்சேனைப் பக்கத்துத் தென்னந்தோட்டங்களில் காய் ஏற்றவும் மட்டை இழுக்கவும் நமக்குக் கைகொடுப்பது இரண்டு சில்லு உழவு மெசின்தான். 'லேண்ட்மாஸ்டர்' என்பது முதலில் இங்கிலாந்து மெசின் ஒன்றின் பெயர். இன்று எந்தக் கொம்பனி மெசினையும் நாம் அப்படியே சொல்கிறோம். மணல், சேறு, வரம்பு எல்லாவற்றிலும் அது போகும். ஆனால் நம் ஊர் மணலும் உப்புக் காற்றும் அதற்குப் பகை. ஆகவே இந்தப் பாடத்தைக் கவனமாகப் படிப்போம்.

காலையில் பத்து நிமிடம்

1. மெசினைச் சமதரையில் நிறுத்தி, ஸ்டார்ட் செய்யும் முன் என்ஜின் ஒயில் அளவைப் பார்க்க வேண்டும். குறைந்தால் அதே தர ஒயிலை ஊற்றுங்கள். மேல் கோட்டைத் தாண்ட விடாதீர்கள்.

2. தண்ணீர் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். வாவித் தண்ணியும் உவர்க் கிணற்றுத் தண்ணியும் உள்ளே துருவையும் உப்புப் படிவையும் உண்டாக்கும்.

3. காற்று வடிகட்டியின் கிண்ணத்தில் மணல் படிந்திருந்தால் கழுவி, அளவாகப் புது ஒயில் விடுங்கள். உள்ளே போகும் மணல் பிஸ்டனையும் சிலிண்டரையும் அரம்போல அராவிவிடும்.

4. பெல்ட்டின் நடுவில் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். சற்று அமிழ்ந்தால் சரி. தொளதொளவென்று இருந்தால் வழுக்கும். விறைப்பாக இருந்தால் பேரிங் கெடும்.

5. சில்லு நட்டுகளையும் பெட்டி கொழுவும் ஆணியையும் பாருங்கள்.

கடற்கரை மணலில் ஓடிய நாளில் நல்ல தண்ணியால் கழுவி, துடைத்து, கிறீஸ் பூச வேண்டிய இடங்களில் பூசுங்கள்.

கோளாறும் காரணமும்

ஸ்டார்ட் வரவில்லையா? முதலில் டீசல் இருக்கிறதா, குழாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். டாங்கி ஒருமுறை வெறுமையானால் குழாயில் காற்று நிற்கும். பம்பின் காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை விட்டு இறுக்க வேண்டும்.

கறுப்புப் புகை வந்தால் காற்று போதவில்லை, அல்லது பாரம் கூடிவிட்டது. நீலப் புகை வந்தால் என்ஜின் ஒயில் எரிகிறது. சூடேறிய பின்னும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் டீசலில் தண்ணி கலந்திருக்கலாம்.

என்ஜின் கொதித்தால் உடனே பாரத்தைக் குறைத்து நிறுத்துங்கள். சூட்டோடு மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். ஆறவிட்டே தண்ணீர் ஊற்ற வேண்டும்.

உயிர் காக்கும் பாடம்

மெசின் பழுதானால் திருத்தலாம். கையும் காலும் போனால் திரும்ப வராது. சாரம் கட்டுபவர்கள் மடித்து இறுகக் கட்டிக்கொள்ளுங்கள். பெல்ட் மூடி இல்லாமல் ஓட்டாதீர்கள். என்ஜினைக் கையால் சுற்றும்போது கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். பெருவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் இருக்கட்டும். பூட்டிய கொட்டிலுக்குள் என்ஜினை ஓடவிடாதீர்கள். புகை ஆளைக் கொல்லும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. சமதரையில் இடது பக்கக் கிளச்சைப் பிடித்தால் மெசின் இடது பக்கம் திரும்பும். பாரத்தோடு பள்ளம் இறங்கும்போது அது வலது பக்கம் திரும்பும்! ஏன்? இறக்கத்தில் என்ஜின் இழுப்பதில்லை, தடுத்துப் பிடிக்கிறது. கிளச் பிடித்த சில்லு விடுபட்டு வேகமாக உருளும், மற்றது பின்தங்கும். இது தெரியாமல் பாலத்தடியிலோ வாய்க்கால் கரையிலோ கிளச்சைப் பிடித்தால் பெட்டியோடு கவிழ நேரும்.

ஆகவே இறங்கும் முன்பே சின்னக் கியருக்கு மாற்றுங்கள். பக்கக் கிளச்சைத் தொடாமல், கைப்பிடியாலேயே திருப்பி, பெட்டி பிரேக்கை மெதுவாக மிதியுங்கள். இறக்கத்தில் நியூட்ரல் போடவே கூடாது. காய்க் குவியலின் மேல் ஆட்களை ஏற்றவும் கூடாது.

நம்மை நாமே கேட்போம்

1. இன்று காலை ஒயில் பார்த்தோமா?
2. கறுப்புப் புகைக்கு என்ன காரணம்?
3. இறக்கத்தில் இடது கிளச் பிடித்தால் மெசின் எந்தப் பக்கம் திரும்பும்?

மூன்றுக்கும் பதில் தெரிந்தவர், புதிதாக மெசின் பிடிக்கும் தம்பிமாருக்கும் சொல்லிக்கொடுங்கள்.