தாத்தாவின் புல்லட்டும் குரோம் பட்டறையும்

அன்புள்ள கயல்,

தாத்தாவின் புல்லட்டைக் கழற்றித் தரையில் பரப்பி நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். “இரும்பு எல்லாத்தையும் மூட்டை கட்டி ஒரே தடவையா குரோம் போடக் கொடுத்துடட்டுமா பெரியப்பா?” என்று கேட்டிருக்கிறாய். கொடுத்துவிடாதே. எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று பிரிப்பதுதான் இதில் முக்கால்வாசி வேலை.

நாம் குரோம் என்று சொல்லும் அந்த நீலம் கலந்த பளபளப்பின் தடிமன் பெரும்பாலும் அரை மைக்ரானைச் சுற்றித்தான் இருக்கும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. துருவைத் தடுப்பது அதற்கு அடியில் இருக்கும் நிக்கல்தான். மழையிலும் வெயிலிலும் ஓடும் வண்டிக்கு அது 20 முதல் 30 மைக்ரான் வரை வேண்டும். நல்ல வேலையில் நிக்கலுக்கும் கீழே ஒரு செம்பு அடுக்கு இருக்கும். குரோம் அடுக்கில் கண்ணுக்குத் தெரியாத துளைகளும் விரிசல்களும் உண்டு. நிக்கல் மெல்லிசாக இருந்தால் ஈரம் அந்த வழியே இரும்பைத் தொட்டுவிடும். நம் ஊர்க் கடற்காற்றில் அப்படிப்பட்ட வேலை அதிக நாள் நிற்காது. மலிவாகச் செய்து தருகிறேன் என்றால் நிக்கல் தொட்டியில் குறைந்த நேரம் என்று புரிந்துகொள். வாங்கும் அன்று நல்ல வேலை, மலிவு வேலை இரண்டும் ஒரே மாதிரிதான் மின்னும். அதனால் விலை பேசும்போதே நிக்கல் எத்தனை மைக்ரான், செம்பு உண்டா என்று கேட்டுவிடு. பதில் சொல்லத் தடுமாறும் பட்டறைக்கு உன் ஹேண்டில்பாரைக் கொடுக்காதே.

முலாம் எந்தக் குறையையும் மூடாது. துருப் பள்ளம் இருந்தால் அது பளபளவென்று இன்னும் நன்றாகத் தெரியும். பளபளப்பு பிறக்கும் இடம் பஃபிங் சக்கரம். பழைய குரோமையும் நிக்கலையும் ஆசிட்டிலும் எதிர் மின்னோட்டத்திலும் கழற்றி, எமரி போட்டுத் தேய்த்து, பஃப் பிடித்து இரும்பே கண்ணாடி மாதிரி ஆன பிறகுதான் தொட்டிக்குப் போக வேண்டும். கூலியில் பெரும்பங்கு இந்தத் தேய்ப்புக்குத்தான், கொடுக்கலாம், தகும். ஆனால் ஒவ்வொரு தேய்ப்பும் உலோகத்தைத் தின்கிறது. தடித்த ஹேண்டில்பார் தாங்கும். மட்கார்டு தாங்காது; பள்ளம் விழுந்த இடம் ஓட்டையாகலாம். அச்சடித்த எழுத்துகள் மழுங்கும், கூரான விளிம்புகள் உருண்டுபோகும். ஆழமான பள்ளத்தைப் பித்தளைப் பற்றவைப்பால் நிரப்பலாம். இல்லையென்றால் செம்பைத் தடிமனாக ஏற்றி, தேய்த்து, மறுபடி ஏற்றலாம். புட்டி வைத்துவிட்டுக் கொடுத்தால் அதில் மின்சாரம் பாயாது, முலாமும் ஏறாது.

ஆகவே மேலாகப் படிந்த துருவா, உள்ளே இறங்கிய துருவா என்று முதலில் பார். அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துப் பார். உன் படத்தில் இருக்கும் ஹெட்லைட் வளையம் அதிலேயே தேறிவிடும் என்று தோன்றுகிறது. சின்னப் புள்ளிகள் மிஞ்சினால் மிஞ்சட்டும். ஐம்பது வருட வண்டி ஷோரூமிலிருந்து நேற்று வந்தது போல நிற்பது எனக்கு என்னவோ பிடிப்பதில்லை.

அடுத்து ஒரு காந்தம் எடுத்துக்கொள். ஒட்டாத பாகங்களைத் தனியே வை. அவை பித்தளையாக இருக்கலாம், அலுமினியமாக இருக்கலாம், துத்தநாகக் கலவை வார்ப்பாகவும் இருக்கலாம். கடைசி இரண்டையும் இரும்போடு சேர்த்து ஆசிட்டில் போட்டால் கரைந்துபோகும். கார்புரேட்டரை மூட்டைக்குள் வைக்கவே வைக்காதே. ஹெட்லைட்டைத் தாங்கும் அந்தப் பெரிய வார்ப்பும் அலுமினியம்தான், அதற்குப் பெயின்ட்தான்.

ஸ்பிரிங், ஆக்ஸில், அதிக இழுவை தாங்கும் போல்ட் ஆகியவற்றைப் பளபளப்புக்காக முலாமுக்கு அனுப்பாதே. ஆசிட்டிலும் தொட்டியிலும் கிளம்பும் ஹைட்ரஜன் கடின எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கக்கூடியதாக ஆக்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, ஓடும்போது ஒருநாள் படாரென்று முறியும். முலாம் போட்டே ஆக வேண்டிய கடின எஃகை, தொட்டியிலிருந்து எடுத்த சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வைத்து எடுக்க வேண்டும். எல்லாப் பட்டறையிலும் அந்த அடுப்பு இருக்காது. ஃபோர்க் குழாய்க்குப் போடும் குரோம் வேறு ஜாதி. நிக்கல் இல்லாமல் நேராக எஃகின் மேல் தடிமனாக ஏற்றி, பிறகு கிரைண்டிங் செய்வார்கள். அதற்குத் தனி ஆள்.

சாதாரண போல்ட், நட்டுகளுக்கு ஜிங்க் போதும். ஆனால் மரையில் அளவு பார். 8 மைக்ரான் ஏற்றினால் மரையின் இடைவிட்டம் அதைப்போல் நாலு மடங்கு பெருக்கும். உன் வண்டியில் இருப்பவை பழைய பிரிட்டிஷ் மரைகள், மாற்று போல்ட் எல்லாக் கடையிலும் கிடைக்காது. நுண்மரைகளுக்கு டேப் சுற்றி மறைக்கச் சொல். பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் மங்கலான வெள்ளி நிற போல்ட்டுகளில் காட்மியம் பூசியிருப்பார்கள், அது விஷம். அந்த மாதிரி எதுவும் கண்ணில் பட்டால் கிரைண்டரில் வைத்துத் தூசி கிளப்பாதே.

பெட்ரோல் டேங்க் வேறு கதை. கொஞ்சம் பெட்ரோல் ஆவி மிச்சமிருந்தாலும் பஃபிங் பொறியில் வெடிக்கும். ஆகவே கழுவி, காயவைத்து, வாய்களை இறுக அடைத்த பிறகுதான் கொடுக்க வேண்டும். உள்ளே ஆசிட் போனால் தையல் ஓரத்தில் தங்கி உள்ளிருந்தே அரிக்கும். ஓட்டை அடைப்பது, வெல்டிங், நெளிசல் எடுப்பது எல்லாம் குரோமுக்கு முன்பே முடியட்டும். பெயின்ட் வரும் இடத்தில் குரோமைச் சொரசொரப்பாக்கச் சொல், இல்லாவிட்டால் உரிந்துவிடும். திருவொற்றியூர் ஆலையில் கையாலேயே தங்கக் கோடு இழுத்த டேங்க் அது. ஸ்டிக்கர் ஒட்டிவிடாதே. சைலன்சரை மறுபடி குரோம் போடுவதில் அர்த்தமில்லை. உள்ளே படிந்த கரியும் எண்ணெயும் தொட்டியையே கெடுக்கும் என்று பலர் வாங்கவே மாட்டார்கள். புதுப்பேட்டை உதிரிபாகக் கடையில் புதிதாக வாங்கிவிடு.

எந்தப் பாகத்துக்கு எந்தப் பூச்சு என்பதற்கு வண்டி பிறந்த காலம்தான் அளவுகோல். 1920-களின் பிற்பகுதி வரை வந்த வண்டிகளில் மின்னியது நிக்கல், கொஞ்சம் மஞ்சள் சாயலோடு இருக்கும். அவற்றில் குரோம் போட்டால் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். கொரியப் போரின்போது நிக்கலுக்குத் தட்டுப்பாடு வந்ததால் 1950-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ஆலைகள் சில, ரிம்முக்கும் வெள்ளிப் பெயின்ட் அடித்து அனுப்பின. நம் புல்லட்டைச் செய்த என்ஃபீல்டு இந்தியா சென்னையில் 1955-இல் தொடங்கியதே ராணுவத்துக்கு வண்டி கொடுக்கத்தான். எல்லையில் ஓடுகிற வண்டிக்கு மினுக்கு எதற்கு?

வீட்டுக் கொல்லையில் பக்கெட் வைத்துக் குரோம் போடும் வீடியோக்களைப் பார்த்து ஆசைப்படாதே. ஜிங்க்கோடு நிறுத்திக்கொள். குரோமிக் ஆசிட் ஆவி மூக்கின் நடுச்சுவரையே ஓட்டையாக்கும், புற்றுநோயும் தரும். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்று அங்கே இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பட்டறையாகப் பார்த்துக் கொடு, கூலி கூடினாலும் பரவாயில்லை.

கொடுக்கும்போது சின்னப் பாகங்களைக் கம்பியில் கோத்து, எண்ணி, படம் எடுத்து, பட்டியலில் கையெழுத்து வாங்கு. திரும்ப வாங்கும்போது ஒவ்வொன்றையும் டியூப்லைட்டுக்கு அடியில் சாய்த்துப் பார். விளக்கின் பிம்பம் நெளிந்தால் பஃபிங் சரியில்லை. மூலை முடுக்கில் மஞ்சள் தெரிந்தால் அங்கே குரோம் ஏறவில்லை, நிக்கலோடு நின்றுவிட்டது. மூலைக்குள் குரோம் ஏறுவது கடினம்தான், ஓரளவு விட்டுக்கொடு. வெளிமுகத்தில் மஞ்சள் இருந்தால் மட்டும் பணத்தைக் கொடுக்காமல் திருப்பிக் கொடு.

அன்புடன்,
பெரியப்பா