பாடம் 9: முதலில் "பூலா!"

நினைத்துப் பாருங்கள். உங்கள் அம்மாவுக்கு ஃபிஜி நாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. நீங்கள் எல்லாரும் சிட்னியை விட்டு அங்கே குடிபோகிறீர்கள். விமானத்தில் ஏறினால் சுமார் நான்கு மணி நேரம்தான். ஆனால் இறங்கியதும் எல்லாமே வேறு மாதிரி இருக்கும்!

ஃபிஜி பசிபிக் பெருங்கடலில் இருக்கிறது. அதில் 300-க்கும் மேற்பட்ட தீவுகள் உண்டு. தலைநகரம் சுவா. அங்கே போகும் முதல் தமிழர் நீங்கள் இல்லை. 1903 முதல் தமிழர்கள் பலர் கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பலில் அங்கே போனார்கள். நாண்டி என்ற ஊரில் பெரிய முருகன் கோயில் இருக்கிறது.

ஃபிஜியில் யாரைப் பார்த்தாலும் "பூலா!" என்பார்கள். நாம் "வணக்கம்" சொல்வது போலத்தான். அந்தச் சொல்லுக்கு 'உயிர், நலம்' என்று பொருள்.

புதிதாகக் குடிவந்த ஒரு பையனும் அவன் அம்மாவும் கடையில் பேசுவதைப் படியுங்கள்.

மகன்: அம்மா, ஏன் இவ்வளவு லேட்? முன்னாடி நிக்கிறவங்க பேசிக்கிட்டே இருக்காங்களே!

அம்மா: என்ன பேசுறாங்கன்னு கேட்டியா?

மகன்: "பாட்டிக்கு உடம்பு எப்படி இருக்கு"ன்னு கடைக்கார ஆன்ட்டி கேட்டாங்க.

அம்மா: அதான்! இங்க முதல்ல மனுஷங்க, அப்புறம்தான் வேலை. நீயும் "பூலா" சொல்லிட்டுக் கேளு.

மகன்: நேரா "பிரெட் குடுங்க"ன்னு கேட்டா என்ன?

அம்மா: குடுப்பாங்க. ஆனா மரியாதை தெரியாத பிள்ளைன்னு நினைச்சுக்குவாங்க. நம்ம வீட்டுக்கு யாராவது வந்தா, "வாங்க"ன்னு சொல்லாம "என்ன வேணும்"னா கேப்போம்?

இந்த நிதானத்தை அங்கே 'ஃபிஜி நேரம்' என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். விருந்து கொஞ்சம் தாமதமாகத் தொடங்கலாம். யாரும் கோபப்பட மாட்டார்கள். "செங்க நா லெங்க" என்பார்கள். 'ஒரு பிரச்சினையும் இல்லை' என்று பொருள். கிராமத்தில் நீங்கள் நடந்து போனால், வீட்டுக்குள் இருந்தே "மை கானா!" என்று கூப்பிடுவார்கள். அதற்கு என்ன பொருள் தெரியுமா? "சாப்பிட வாங்க!" இது நம் வீட்டுப் பேச்சு மாதிரியே இருக்கிறது, இல்லையா?

நிதானம் என்றால் ஒழுங்கே இல்லை என்று நினைக்காதீர்கள். கிராமத்துக்குள் போகும்போது தொப்பியைக் கழற்ற வேண்டும். யாருடைய தலையையும் தொடக் கூடாது. விருந்தாளியாகப் போகிறவர்கள் யங்கோனா என்ற செடியின் வேரைப் பரிசாகக் கொடுப்பார்கள். வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்ற வேண்டும். இது உங்களுக்கு ஏற்கெனவே பழக்கம்தானே!

அவசரம் வந்தால் அவர்களும் வேகமாகத்தான் ஓடுவார்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். 2016 பிப்ரவரியில் 'வின்ஸ்டன்' என்ற கடும் புயல் அடித்தது. 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பல ஊர்களில் வீடுகள் இடிந்தன. புயல் எச்சரிக்கை வந்தால் யாரும் 'ஃபிஜி நேரம்' பார்ப்பதில்லை. ஜன்னல்களுக்குப் பலகை அடிப்பார்கள், தண்ணீர் பிடித்து வைப்பார்கள். பக்கத்து வீட்டுத் தாத்தா பாட்டியையும் பாதுகாப்பான இடத்துக்குக் கூட்டிப் போவார்கள். தினமும் நின்று பேசுகிறவர்களுக்குத்தான் யார் வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள் என்று தெரியும்.

புதிய சொற்கள்
குடிபோதல் – வேறு ஊருக்கு வாழப் போதல்
நிதானம் – அவசரப்படாமல் இருத்தல்
எச்சரிக்கை – ஆபத்து வருகிறது என்று முன்பே சொல்வது

பயிற்சி
1. "பூலா" என்ற சொல்லின் பொருள் என்ன?
2. கடைக்கார ஆன்ட்டி யாரைப் பற்றி விசாரித்தார்?
3. எழுத்துத் தமிழில் மாற்றி எழுதுங்கள்: "முன்னாடி நிக்கிறவங்க பேசிக்கிட்டே இருக்காங்க."
4. உங்கள் வகுப்புக்குப் புதிதாக ஒரு பிள்ளை வந்தால் முதலில் என்ன கேட்பீர்கள்? பக்கத்தில் இருப்பவரோடு பேசிக் காட்டுங்கள்.