மண்ணுக்குள் கிடப்பதன் வயது



திற்பரப்பில் கோதையாறு பாறைமேல் பரந்து விழுவதைப் பார்த்து நிற்கும் பையன், "அப்பா, இந்தப் பாறைக்கு எத்தனை வயசு?" என்று கேட்டால் என்ன சொல்வோம்? "அது யாருக்குத் தெரியும்!" என்று கையைப் பிடித்து அழைத்துப் போய்விடுவோம். ஆனால் அறிய வழி உண்டு. நான்கு வழிகளை இங்கே கற்போம். அவற்றால் நமக்கு ஆகவேண்டிய காரியம் என்ன என்பது முடிவில் விளங்கும்.

1. எழுத்து. முஞ்சிறைக்கு அடுத்த பார்த்திவபுரம் கோயிலை ஆய் மன்னன் கருநந்தடக்கன் எடுப்பித்தான். அதைக் கூறும் செப்பேடு, கலியுகம் பிறந்து 14,49,087 நாள் சென்றதாக எண்ணிச் சொல்கிறது. கணக்கிட்டால் கி.பி. 866 வருகிறது. ஆனால் எழுத்துள்ள பொருள் கிடைப்பது அருமை.

2. அடுக்கு. நீர் கொண்டுவந்து படியவைக்கும் மண்ணில் கீழ் அடுக்கே மூத்தது, மேல் அடுக்கே இளையது. இந்த விதியை 1669-ல் நூலாக எழுதியவர் டென்மார்க்கில் பிறந்த நிக்கோலாஸ் ஸ்டேனோ. இவர் 1667-ல் கத்தோலிக்க மறையில் சேர்ந்து, 1675-ல் குருப்பட்டமும் 1677-ல் மேற்றிராணியார் பட்டமும் பெற்றவர். 1988-ல் திருச்சபை இவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தது. ஆகவே பூமியின் வயதை ஆராய்ந்தால் விசுவாசம் குலைந்துபோகுமோ என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

3. கரி. அடுக்கு, எது முந்தியது என்று சொல்லும். எத்தனை ஆண்டு என்று சொல்லாது. அதற்கு 1949-ல் வழி காட்டினார் அமெரிக்கரான லிபி. 1960-ல் நோபல் பரிசும் பெற்றார். செடி கொடிகள் காற்றிலிருந்து கார்பன்-14 என்ற அணுக்களை ஏற்கின்றன. அவற்றைத் தின்னும் உயிர்களுக்கும் அது சேர்கிறது. உயிர் போனபின் புதிதாகச் சேராது. இருப்பதும் 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். மீதியை அளந்தால் இறந்த காலம் தெரியும். மரங்களின் ஆண்டு வளையங்களைக் கொண்டு அந்தக் கணக்கைத் திருத்திக்கொள்வார்கள். சுமார் 50,000 ஆண்டுக்கு அப்பால் இம்முறை செல்லாது.

தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 1155 என்று 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. தாழி மண், அதில் இந்தக் கணக்கு நேரே செல்லாது. உள்ளே கிடந்த நெல்லே தாழிக்கும் வயது சொல்லிற்று.

4. பாறை. மணவாளக்குறிச்சி மணலில் உள்ள மோனசைட்டை அறிவீர்கள். அது நம் மலைப்பாறைகளிலிருந்து தேய்ந்து வந்தது. அதில் உள்ள தோரியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறுகிறது. பாதி மாறவே சுமார் 1,400 கோடி ஆண்டு ஆகும். தோரியம் எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று அளந்து வயது காண்கிறார்கள். நம் மாவட்டப் பாறைகள் பூமியின் ஆழத்தில் கடுஞ்சூட்டில் வெந்து உருமாறியது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று இத்தகைய அளவுகள் காட்டுகின்றன. பையனுக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுவே.

இனி நம் காரியம். ரப்பர் நடக் குழி வெட்டும்போதோ, வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ ஒரு தாழி தட்டுப்படலாம். உடனே அதை வெளியே எடுத்து, உள்ளிருக்கும் மண்ணையும் கரியையும் கொட்டி, கழுவித் துடைத்துத் திண்ணையில் வைப்போம். பத்திரப்படுத்தினோம் என்று நினைப்போம். உண்மையில் அதன் வயதைச் சொல்லக்கூடிய சாட்சிகளை நம் கையாலேயே கொன்றிருப்போம். பானை மிஞ்சும், அதை வைத்தவர்களின் காலம் மிஞ்சாது. எந்த ஆய்வுக்கூடமும் அதைத் திருப்பித் தராது.

ஆகையால் வேலையை நிறுத்துங்கள். பொருளைக் கிடந்தபடியே விடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும் என்பது 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம்.

வீட்டில் கேட்டுப் பழக:
தாழிக்குள் இருக்கும் கரியை ஏன் கொட்டக்கூடாது?
திற்பரப்புப் பாறையின் வயதைக் கார்பன் முறையால் ஏன் அறிய முடியாது?