கவுதாரி வேறு, காடை வேறு

சங்கரன்கோவிலை விட்டு மேலநீலிதநல்லூர்ப் பக்கம் போனால் கரிசலும் செவலுமாக மானாவாரிக் காடு. உளுந்து, சோளம், பருத்தி, வரப்போரம் உடைமரம், வேலிக்காத்தான். கவுதாரியும் காடையும் பிழைக்க ஏற்ற இடம். அன்றாடம் காதில் விழும் பறவைகளாக இருந்தும், இவற்றைப் பற்றி உலவும் தவறான பேச்சு அதிகம். அந்தத் தவறுகளுக்கு விலை கொடுப்பவை இந்தப் பறவைகள்தாம்.

நம்பிக்கை: காடை என்பது கவுதாரியின் குஞ்சு.

உண்மை: இரண்டும் வேறு வேறு இனம். 1789இலேயே க்மெலின் என்ற ஜெர்மானிய இயற்கையியலாளர் கவுதாரியையும், காடை வகைகளில் ஒன்றான மழைக்காடையையும் தனித்தனி இனங்களாக விவரித்துவிட்டார். வளர்ந்த கவுதாரி ஏறத்தாழ கால் கிலோ இருக்கும். தொண்டையில் வெளிர்மஞ்சள் திட்டு, அதைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு. ஆணின் காலில் கூரிய முள் உண்டு. மழைக்காடை நூறு கிராம்கூடத் தேறாது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆணின் மார்பில் கறுப்புத் திட்டு இருக்கும். விடியலில் ஊருக்கே கேட்கும்படி ஜோடியாகக் கத்துவது கவுதாரி. புல்லுக்குள்ளிருந்து ‘விட்-விட்’ என்று மெல்லக் கூப்பிடுவது மழைக்காடை.

நம்பிக்கை: காலடியில் விர்ரென்று எழும்பும் குட்டிப் பறவையெல்லாம் காடைதான்.

உண்மை: காடையைப் போலவே தோன்றும் வேறொரு பறவையும் நம் காடுகளில் உண்டு. காடைக்குப் பின்விரல் உண்டு. இதற்குக் கிடையாது, முன்விரல் மூன்றுதான். உறவுமுறையில் இது கோழி, காடை வகையைச் சேர்ந்ததே அல்ல; உள்ளான் போன்ற கரைப்பறவைகளுக்கு நெருக்கமானது. இதில் பெண்தான் பெரியது, நிறம் கூடியது. துணை தேடிக் குரல் கொடுப்பதும் அதுவே. அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பது ஆண்.

நம்பிக்கை: இரண்டுமே ராத்திரி தரையில்தான் உறங்கும்.

உண்மை: கூடு இரண்டுக்கும் தரைதான், புல்மறைவில் சிறு பள்ளம் பறித்து முட்டையிடும். ஆனால் இருட்டியதும் கவுதாரி முள்மரத்திலோ புதரிலோ ஏறி அடைந்துவிடும். காடை தரையிலேயே தங்கும். வரப்பு முள்ளை அடியோடு வெட்டினால் கவுதாரிக்குப் படுக்கை போகும். புல்லைக் கொளுத்தினால் காடைக்கு வீடே போகும்.

நம்பிக்கை: புரோட்டா கடைக் காடை வறுவல், காட்டில் பிடித்தது.

உண்மை: கடைகளுக்கு முறையாக வருவது பண்ணையில் வளரும் ஜப்பானியக் காடை. ஐந்து வாரத்தில் விற்பனைக்குத் தயாராகிவிடும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இதில் ‘நாமக்கல் காடை’ என்ற ரகத்தையே உருவாக்கியிருக்கிறது. காட்டுக் காடையையும் கவுதாரியையும் கண்ணி வைத்தோ வலை விரித்தோ பிடிப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விற்பதும் வாங்குவதும் அப்படியே. பழக்கிய கவுதாரியைக் கூண்டில் கத்தவிட்டு மற்றவற்றை வரவழைத்துப் பிடிப்பதற்கும் விலக்கு இல்லை.

நம்பிக்கை: ‘ஆயிரம் கோழிக்கு அரைக் காடை.’ அதிலும் காட்டுக்கறி இழுப்புக்கு மருந்து.

உண்மை: காடைக்கறியில் நல்ல புரதம் இருக்கிறது, கோழியிலும் இருக்கிறது. எந்தக் கறியும் ஆஸ்துமாவைக் குணமாக்காது. மூச்சிரைப்பு உள்ள குழந்தையை மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போட்டுக் கவுதாரி தேடி அலைவது, குழந்தைக்கும் பறவைக்கும் ஒருசேரக் கேடு.

நம்பிக்கை: இவை வெள்ளாமையை அழிக்கும்.

உண்மை: தானியம் கொத்தும், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கரையானையும் வண்டையும் களை விதையையும் சேர்த்தே தின்கின்றன. குஞ்சுகள் வளர்வது பெரும்பாலும் பூச்சியைத் தின்றுதான்.

இரண்டும் இன்றைக்கு அழிவின் விளிம்பில் இல்லை. அந்த நிலை வராமல் காப்பது சம்சாரி கையில்தான் அதிகம் இருக்கிறது. அறுவடை இயந்திரத்தை வயலின் நடுவிலிருந்து வெளிப்புறமாக ஓட்டினால் பறவைகள் ஓடித் தப்ப வழி கிடைக்கும். முட்டை கண்ணில் பட்டால் அதைச் சுற்றி ஒரு பாகம் பயிரை மட்டும் சில நாள் விட்டுவைக்கலாம். மூன்று வாரத்துக்குள் குஞ்சு பொரித்துத் தாயோடு நடந்துவிடும். காட்டுக்கறி என்று யார் நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாங்க ஆளில்லாவிட்டால் கண்ணி வைக்கவும் ஆள் இருக்காது.