மட்டக்களப்பு வாவியும் சக்கர நாற்காலியும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. வடக்கே பாலமீன்மடு முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றிலும் கடலோடு சேர்கிறது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே எழுவான்கரை, மேற்கே வயல் விரிந்த படுவான்கரை, இடையிடையே தீவுகள். நகரின் பழைய மையமான புளியந்தீவே ஒரு தீவுதான். நடக்க இயலாதவரோ பார்வையற்றவரோ இங்கே விடுமுறைக்கு வரப் புறப்பட்டால், வீட்டாரும் பயண முகவரும் முதலில் தண்ணீரையும் மணலையும் காட்டித் தயங்குவார்கள். பயணம் உண்மையில் முறிவது அங்கே குறைவு, குளியலறைக் கதவிலும் இறங்குதுறைப் படியிலுமே அதிகம்.

“தீவு என்றால் படகேறித்தான் போகவேண்டும்”

புளியந்தீவுக்குப் படகு தேவையில்லை. கோட்டைமுனைப் பாலத்தால் வானும் ஓட்டோவும் நேரே தீவுக்குள் வந்துவிடும். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை இங்கேதான் வாவியைப் பார்த்தபடி நிற்கிறது. கல்லடியில் 1924இல் திறக்கப்பட்ட லேடி மானிங் இரும்புப் பாலத்தின் அருகே 2013இல் அகலமான புதிய பாலம் வந்தது. கனரக வாகனங்கள் அதற்கு மாறியபின், மாலையில் வாவிக்காற்று வாங்க வருவோருக்குப் பழைய பாலம் வசதியாகிவிட்டது. படுவான்கரைக்கும் 2014 முதல் ஜப்பானிய உதவியில் கட்டிய மண்முனைப் பாலம் உண்டு. கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் ஆலயத்துக்கு முன்பு துறையில் காத்திருந்து போனவர்கள் இப்போது வாகனத்திலிருந்து இறங்காமலே வாவியைக் கடக்கிறார்கள்.

“படகென்றால் நாலுபேர் தூக்கிவிட்டால் போதும்”

நல்ல மனத்தோடு சொல்லப்படும் இந்த வார்த்தையே அதிகம் காயப்படுத்துகிறது. பக்கவாதத்தால் ஒரு கை தளர்ந்தவரை அக்குளில் பிடித்துத் தூக்கினால் தோள்மூட்டு விலகக்கூடும். தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் இருக்கக்கூடும். பலகை விளிம்பில் தோல் உரசிக் கிழிந்தாலும் அவருக்குத் தெரியாது. அந்தச் சிறு சிராய்ப்பு படுக்கைப் புண்ணாகி மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கலாம். தூக்குகிறவரின் முதுகுக்கும் பாதுகாப்பில்லை. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, தன்னைத் தூக்கக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்யவேண்டியவர் நாற்காலியில் இருப்பவர். கரையில் நிற்பவர்கள் தங்களுக்குள் பேசி முடிக்கும் காரியமில்லை அது.

ஒடுங்கிய தோணியும் மீனவரின் ஃபைபர் படகும் சக்கர நாற்காலிக்கு ஏற்றவை அல்ல. பக்கச்சுவரைத் தாண்டித்தான் உள்ளே இறங்கவேண்டும், நாற்காலியை நிலையாக நிறுத்த இடமும் இராது. ஆனால் இதே வாவியில் வேறு வகைக் கலமும் ஓடுகிறது. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும், குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலும் ஊரார் ‘பாதை’ என்று சொல்லும் தட்டையான மிதவை ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் சுமந்து அக்கரை சேர்க்கிறது. மோட்டார் சைக்கிள் உருண்டேறும் தளத்தில் சக்கர நாற்காலியும் உருண்டேறலாம். அதற்கு வேண்டியவை வழுக்காத ஏறுபலகை, இருபுறமும் கைபிடி, சக்கரத்தைப் பிணைத்து நிறுத்த ஒரு கொளுவி, ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி. கடைசியாகச் சொன்னது சம்பிரதாயம் இல்லை. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இத்தகைய பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்பட உயிர்கள் போயின. தளம் தட்டையாக இருப்பதால் மட்டும் கலம் பாதுகாப்பானதாகிவிடாது. எத்தனை பேர் ஏறுகிறார்கள், அங்கி இருக்கிறதா என்று கேட்டுவிட்டே ஏறவேண்டும்.

இறங்குதுறை கட்டுவோர் நினைவில் வைக்கவேண்டிய ஒன்றும் உண்டு. இக்கரையோரத்தில் வற்றுப்பெருக்கின் வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆனால் வடகீழ்ப் பருவமழையில் முகத்துவாரம் மணலால் அடைபட்டிருந்தால் வாவி மட்டம் நன்றாக உயரும், வெட்டிவிட்டால் இறங்கும். நிலையான சீமெந்துத் துறை ஒரு பருவத்தில் படகுக்குச் சமமாகவும் மறு பருவத்தில் எட்டாமலும் போவது இதனால்தான். நீரோடு ஏறி இறங்கும் மிதவைத் துறையே இங்கு பொருந்தும்.

“மணலில் சக்கரம் புதையும், கடல் அவர்களுக்கில்லை”

ஒடுங்கிய சக்கரம் புதையும் என்பது சரி. அதற்குமேல் சொல்வது தவறு. சென்னை மெரீனாவில் 2022 நவம்பர் 27ஆம் தேதி மாற்றுத்திறனாளிகளுக்காக 263 மீற்றர் நீள மரப்பாதை திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, செப்பனிட்டு மறுபடி திறந்தார்கள். கடலருகே கட்டுவோர் பராமரிப்புச் செலவையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்பதற்கு அது சான்று. கிரேக்கத்தின் நூற்றுக்கு மேற்பட்ட கடற்கரைகளில் சூரிய மின்சக்தியால் தண்டவாளத்தில் ஓடும் இருக்கை இருக்கிறது. அமர்பவர் தாமே பொத்தானை அழுத்தி நீருக்குள் இறங்கித் திரும்பி வருகிறார். அகன்ற காற்றுச் சக்கரம் பூட்டிய கடற்கரை நாற்காலி இவற்றைவிட எளியது.

மட்டக்களப்புக்கு வடக்கேயுள்ள பாசிக்குடா இவற்றுக்கெல்லாம் இயல்பாகவே பொருத்தமான விரிகுடா. அலை அடங்கிய கடல். கரையிலிருந்து வெகுதூரம் போனாலும் நீர் இடுப்பளவைத் தாண்டாது. நல்ல காற்றுச் சக்கர நாற்காலி ஒன்றும் துணைக்கு இருவரும் இருந்தால், இலங்கையில் கடலில் இறங்க இதைவிட வாய்ப்பான இடம் அரிது.

“வாசலில் சாய்வுப்பாதை போட்டாயிற்று, விடுதி தயார்”

சாய்வு 1:12க்கு மேல் செங்குத்தாகக் கூடாது. ஒரு படி 15 சென்ரிமீற்றர் என்றால் மூன்று படிக்கு 45, அதற்குக் குறைந்தது 5.4 மீற்றர் நீளப் பாதை வேண்டும். மூன்று படியின் மேல் சரித்துப் போட்ட இரண்டு மீற்றர்ப் பலகை சறுக்குமரம்தான். அதையும் ஏறி உள்ளே போனவரைக் குளியலறை திருப்பி அனுப்புகிறது. கதவின் திறந்த அகலம் 80 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது, 90 இருந்தால் நல்லது. உள்ளே நாற்காலி திரும்ப 150 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும். மலசலகூடத்தருகே சுவரில் உறுதியான கைபிடி, நீர் தேங்க வைத்த வாசல்மேடு இல்லாத தரை ஆகியவையும் சேர்ந்தால்தான் அறை தயார். முன்பதிவுக்கு முன் “வசதி இருக்கிறதா?” என்று கேட்டால் “இருக்கு” என்ற பதிலே வரும். கதவின் அகலத்தை அளந்து சொல்லுங்கள், குளியலறையின் படம் அனுப்புங்கள் என்று கேட்பதே பயனுள்ளது.

இவையெல்லாம் விடுதிக்காரரின் தயவு என்று எண்ணுவதும் தவறு. ஊனமுற்றோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. கட்டடங்களில் அணுகல் வசதியை விதிக்கும் ஒழுங்குவிதிகள் 2006 அக்டோபரில் வர்த்தமானியில் வெளியாயின. மரம் முறிந்து காரின்மேல் விழுந்து 1992இல் நடக்கும் ஆற்றலை இழந்த கிரிக்கெட் நடுவர் அஜித் பெரேரா வழக்காட, புதிய பொதுக் கட்டடங்கள் அவ்விதிகளைப் பின்பற்றவேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2011இல் கட்டளையிட்டது. பாசிக்குடாவின் பெரிய விடுதிகளில் பெரும்பாலானவை போர் முடிந்தபின் எழுந்தவை. விதி முன்பே இருந்தது, படித்துக் கட்டியிருக்கலாம்.

“பார்வையில்லாதவர் வாவியில் என்ன காண்பார்?”

மட்டக்களப்பைப் பாடும்மீன்களின் நாடு ஆக்கியதே காதுக்குரிய ஒரு செய்தி. கல்லடிப் பாலத்தருகே நிலவு இரவில் படகை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் வைத்து மறுமுனையில் காதை வைத்து, நீரடியிலிருந்து வரும் ‘பாடும்மீன்’ ஒலியைக் கேட்பது ஊர் வழக்கம். 1848 செப்ரம்பரில் இங்கு வந்த, அன்றைய பிரித்தானிய ஆட்சியின் குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் டென்னன்ட், படகின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி மிகுந்ததாக எழுதிவைத்தார். அமைதியான இரவும் இயந்திரத்தை நிறுத்தத் தெரிந்த படகோட்டியும் போதும், இதில் பார்வையுள்ளவருக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்கப்போவதில்லை.

“இது வெளிநாட்டவருக்கான ஆடம்பரம்”

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட இலங்கையரில் 8.7 சதவீதத்தினர் பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்றவற்றில் ஏதேனும் ஒன்றில் சிரமம் இருப்பதாகச் சொன்னார்கள். பதினாறு இலட்சத்துக்கும் அதிகமானோர். போரும் 2004 சுனாமியும் கடந்த கிழக்கில் காலிழந்தவர் இல்லாத ஊர் அரிது. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் முதிய அம்மாவைப் பிறந்த மண்ணுக்கு அழைத்துவரும் பிள்ளைகளும் இதே சாய்வுப்பாதையைத்தான் தேடுகிறார்கள். விமானச் சீட்டு எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவியைப் பதிந்துகொள்வது அவர்கள் செய்யவேண்டிய முதல் வேலை. மின்கல நாற்காலியானால் மின்கலத்தின் வகையையும் முன்கூட்டியே அறிவிக்கவேண்டும்.

காலத்தைப் பொறுத்தவரை, ஏப்ரல் முதல் செப்ரம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும். பாடும்மீன் ஒலி கேட்பதற்கும் அதுவே காலம். வெயில் கடுமையான மாதங்களும் அவைதான். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு உடலின் ஒரு பகுதி வியர்க்காமல் சூடு ஏறிவிடும் என்பதால், காலை ஒன்பதுக்கு முன்பும் மாலை நான்குக்குப் பின்புமே கரையிலோ வாவியிலோ இருக்கவேண்டும். போதனா வைத்தியசாலை மட்டக்களப்பு நகரிலேயே இருக்கிறது. தங்குமிடம் தேர்வோர் அதிலிருந்துள்ள தூரத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது.